'கில்' கமாண்ட் என்றால் கொல்வது மட்டும்தானா? ஹேங் ஆன கம்ப்யூட்டருக்கு 'சிக்னல்' அனுப்புவது எப்படி?

பவர் பட்டனை அமுக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள்: 2, 15, 9

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கடலூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது ஒரு எண்ணைத்தான். "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?"

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1 என்றால் புயல் உருவாகக்கூடிய சூழல் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். 10 என்றால் பெரிய அபாயம். 11 என்றால் வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கூண்டு யாருடைய படகையும் இழுத்துக் கட்டாது. அது செய்தியை மட்டும் சொல்லும். வலையைச் சுருட்டுவதா, படகைக் கரையேற்றுவதா என்பதை மீனவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும் இப்படித்தான் எண் போட்டுச் செய்தி அனுப்பப்படுகிறது. அதற்குப் பெயரும் 'சிக்னல்'தான். அதை அனுப்பும் கட்டளையின் பெயர் 'கில்'. பெயரைக் கேட்டதும் பலர் இதைக் கொலைக் கருவி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறான புரிதலால் போவது பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வேலைதான்: பாதி அடித்த ப்ராஜெக்ட், திறக்காமல் போன கணக்கு ஃபைல், சிதைந்துபோன டேட்டாபேஸ்.

கம்மாபுரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2011-ஆம் ஆண்டை கடலூர் மாவட்டம் மறக்காது. டிசம்பர் 30-ஆம் தேதி அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 'தானே' புயல் கரையைக் கடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதிதான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் பக்கத்தில் இருக்கும் கம்மாபுரம் போன்ற ஒன்றியங்களின் கிராமங்களுக்கும் இந்தத் திட்டம்தான் லேப்டாப்பைக் கொண்டுவந்தது.

தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அதன் பெயர் 'பாஸ்' லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் அது. ஆன் செய்ததும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று திரை கேட்கும். பலர் விண்டோஸைத் தேர்வு செய்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். ஆனால், அந்த இன்னொரு வாசலைத் திறந்து பார்த்தவர்கள் முதன்முதலில் டெர்மினலைச் சந்தித்தது அங்கேதான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒரு ஜன்னலில், பிரவுசர் இன்னொரு ஜன்னலில். பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்ததும் திரை உறைந்துவிட்டது. மவுஸ் நகரவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அண்ணனுக்கு போன் போடுகிறார்.

"அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு. என்ன பண்றது?"

"பவர் பட்டனை அமுக்கிப் பிடிம்மா, ஆஃப் ஆயிடும்."

ஆஃப் ஆகும்தான். கூடவே சேமிக்காத பக்கங்களும் போகும். உறைந்தது பிரவுசர் மட்டும்தான். ரிப்போர்ட் ஃபைல் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒருத்தர் செய்த தப்புக்குத் தெரு முழுக்க கரண்டை நிறுத்தியது போலத்தான் இது. அந்த ஒரு ப்ராசஸை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எழுந்து வெளியே போ" என்று சொல்ல வழி இருக்கிறது. அந்த வழிதான் சிக்னல்.

ப்ராசஸ், பிஐடி: ஒரு சின்ன அறிமுகம்

ஹார்ட் டிஸ்க்கில் சும்மா கிடக்கும் நிரல், வெறும் ஃபைல். அதைத் திறந்து ஓடவிட்டால் அது 'ப்ராசஸ்'. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கெர்னல் ஒரு எண் கொடுக்கும். ரேஷன் கார்டு எண் மாதிரி, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்காது. இதுதான் 'பிஐடி'. சிக்னல் அனுப்ப வேண்டுமென்றால் பொதுவாக இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணைப் பார்க்க எளிய வழி 'டாப்' என்ற கட்டளை. எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி தின்கிறது என்று இது வரிசையாகக் காட்டும். ஹேங் ஆவதற்குக் காரணமான ஆசாமி பெரும்பாலும் முதல் சில வரிகளிலேயே மாட்டுவார். (கட்டளைகள் இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தரப்பட்டுள்ளன. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.)

"திரையே உறைந்துவிட்டதே, எங்கே தட்டுவது?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் உள்ள வேறொரு வாசல் திறக்கும். அங்கே யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் அதே போல எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம். எது என்பது லினக்ஸ் வகையைப் பொறுத்து மாறும். மெமரி சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தால் இந்த வாசல் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். பொறுமை வேண்டும்.

15-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

கடலில் இருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு, புயல் கூண்டைவிட நன்றாகப் பழகிய அறிவிப்பு ஒன்று உண்டு. "துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, நாளை காலை முதல் மின்தடை" என்று பேப்பரில் வரும். அதைப் பார்த்ததும் வீட்டில் என்ன நடக்கும்? முதல் நாளே மாவு அரைத்து வைப்பார்கள். காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள். போனை சார்ஜில் போடுவார்கள். கரண்ட் போனாலும் வீடு ஸ்தம்பிக்காது.

இன்னொரு வகை மின்தடை இருக்கிறது. எந்த அறிவிப்பும் இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்குவது. கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கும். தொட்டி காலி.

15-ஆம் எண் சிக்னல், அதாவது 'சிக்டெர்ம்', முதல் வகை. "உன்னை மூடப்போகிறோம், கடையைக் கட்டு" என்று ப்ராசஸுக்குச் சொல்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட நிரல் இதைக் கேட்டதும், திறந்து வைத்த ஃபைல்களை மூடும். மெமரியில் மட்டும் இருந்த தகவலை டிஸ்க்கில் எழுதும். தற்காலிக ஃபைல்களை அழிக்கும். நெட்வொர்க் தொடர்புகளைத் துண்டிக்கும். பிறகு தானாகவே வெளியேறும். 'விம்' எடிட்டரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இந்த சிக்னல் வந்தால், அதுவரை அடித்ததை மீட்புக்கான ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் விம் மூடும்.

9-ஆம் எண் சிக்னல், அதாவது 'சிக்கில்', இரண்டாம் வகை. இந்தச் செய்தி ப்ராசஸின் காதுக்கே போவதில்லை. கெர்னலே நேரடியாக ஃபியூஸைப் பிடுங்கிவிடும். இதைத் தடுக்கவோ, தள்ளிப்போடவோ, கேட்காத மாதிரி இருக்கவோ எந்த நிரலாலும் முடியாது. அதனால்தான் இது "கண்டிப்பா வேலை செய்யும்" என்ற பெயர் வாங்கியது. அதே காரணத்தால்தான் இது ஆபத்தானதும்கூட. நிரலுக்கு மிச்ச வேலையை முடிக்க அரை நொடிகூடக் கிடைக்காது.

எண் எதுவும் போடாமல் 'கில்' என்று அடித்து, இடைவெளி விட்டு பிஐடியை மட்டும் கொடுத்தால் போவது 15 தான், 9 அல்ல. அந்தக் கட்டளையை உருவாக்கியவர்களே தன்மையாகச் சொல்வதைத்தான் இயல்பாக வைத்திருக்கிறார்கள்.

பெயர் மட்டும் ஏன் 'கில்'? யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. தொடக்க காலத்தில் இந்தக் கட்டளைக்கு இருந்த ஒரே வேலை ப்ராசஸை முடிப்பதுதான். பிறகு பல வகை சிக்னல்கள் சேர்ந்தன. வேலை மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது யூனிக்ஸின் இந்தப் பழக்கங்களும் அதில் வந்து சேர்ந்தன.

சரி, செய்து பார்ப்பது எப்படி?

முதல் படி: ஆளை அடையாளம் காண வேண்டும். 'டாப்' ஓடவிட்டு, பிரச்சினை செய்யும் ப்ராசஸின் பிஐடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 4321 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: 'கில் 4321'. அல்லது டாப் திரையிலேயே 'கே' எழுத்தைத் தட்டினால், எந்த பிஐடி, எந்த சிக்னல் என்று அதுவே கேட்கும். சிக்னல் கேட்கும் இடத்தில் எதையும் மாற்றாமல் என்டர் தட்டினால் 15 போகும்.

மூன்றாம் படி: காத்திருக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். கில் கட்டளை உடனே முடிந்துவிடும். ப்ராசஸ் உடனே முடிய வேண்டும் என்று இல்லை. கட்டளை செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. குறைந்தது பத்து நொடியாவது கொடுக்க வேண்டும். பெரிய டேட்டாபேஸ் என்றால் இன்னும் அதிகம்.

நான்காம் படி: இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'கில் -0 4321' என்று கொடுத்தால் எந்த சிக்னலும் போகாது. அந்த எண்ணில் ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

ஐந்தாம் படி, அதுவும் வேறு வழி இல்லாதபோது மட்டும்: 'கில் -9 4321'.

இந்த வரிசை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லப்படுவதல்ல. பெரிய சர்வர்களும் இதையே பின்பற்றுகின்றன. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் சேவைகளைக் கவனிக்கும் 'சிஸ்டம்டி', ஒரு சேவையை நிறுத்தச் சொன்னால் முதலில் 15 அனுப்பும். வேறு ஏற்பாடு செய்யவில்லை என்றால் 90 நொடி காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் 9 அனுப்பும். கன்டெய்னர்களை ஓட்டும் 'டாக்கர்' 10 நொடியும், 'குபர்னட்டீஸ்' 30 நொடியும் காத்திருக்கும். ஐடி வேலைக்குப் போகும் பிள்ளைகள் '137' என்ற முடிவு எண்ணை அடிக்கடி பார்ப்பார்கள். அது வேறொன்றுமில்லை, 128-உடன் 9-ஐக் கூட்டியது. "இந்த ப்ராசஸ் 9-ஆம் சிக்னலால் முடிந்தது" என்பதற்கான அடையாளம். 15-ஆல் முடிந்திருந்தால் 143.

ப்ளஸ் 2 பைத்தானும் கன்ட்ரோல்-சியும்

எண்ணெல்லாம் தெரியாமலே பல மாணவர்கள் தினமும் சிக்னல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு ப்ளஸ் 2 கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. 'வைல்' லூப் எழுதும்போது எண்ணைக் கூட்ட மறந்துவிட்டால் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது லேபில் சொல்லித் தருவது கன்ட்ரோல்-சி. அதை அழுத்தியதும் 'கீபோர்ட் இன்டரப்ட்' என்று சிவப்பிலோ வெள்ளையிலோ ஒரு வரி வந்து நிரல் நிற்கும்.

அந்த பட்டன் அனுப்பியது 2-ஆம் எண் சிக்னல், 'சிக்இன்ட்'. பைத்தான் அதைக் கேட்டு, பிழைச் செய்தியாக மாற்றிக் காட்டுகிறது. நிரல் எழுதுபவர் விரும்பினால் அந்த இடத்தில், "மதிப்பெண் பட்டியலைச் சேமித்துவிட்டு மூடு" என்று எழுதிக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று, பெயர் குறிப்பிடாமல் 'எக்ஸெப்ட்' எழுதி லூப்புக்குள் வைத்துவிட்டால், கன்ட்ரோல்-சியையும் அது விழுங்கிவிடும். எத்தனை தடவை அழுத்தினாலும் நிரல் நிற்காது. "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று நினைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கிறது. சிக்னலைக் கேட்காதே என்று நிரலே சொல்லியிருக்கிறது. அப்போது இன்னொரு டெர்மினலைத் திறந்து 15 அனுப்பினால் போதும்.

கன்ட்ரோல்-இசட் மூடுவதில்லை, நிறுத்தி வைக்கிறது

டெர்மினலில் கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் நிரல் மறைந்து, மறுபடி கட்டளை கேட்கும் வரி வந்துவிடும். மூடிவிட்டது என்று நினைத்து அதே நிரலை மறுபடி திறப்பவர்கள் உண்டு. உண்மையில் பழையது தூங்கிக்கொண்டிருக்கும். பிடித்த மெமரியை விடாது. இப்படி நாலு தடவை செய்தால் 2 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி மூச்சு திணறிவிடும். 'எஃப்ஜி' என்று தட்டினால் தூங்கிய நிரல் திரும்ப முன்னால் வரும். 'பிஜி' என்று தட்டினால் பின்னணியில் ஓடும்.

இந்த நிறுத்தி வைக்கும் வசதியை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். ஒரு பெரிய வீடியோவை மாற்றும் வேலை இரண்டு மணி நேரமாக ஓடுகிறது. நடுவில் அவசரமாக ஒரு விண்ணப்பத்தைப் பிரின்ட் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோ நகர மறுக்கிறது. வீடியோ வேலையைக் கொல்லத் தேவையில்லை. 'கில் -ஸ்டாப்' என்று கொடுத்து பிஐடியைச் சேர்த்தால், அது அந்த இடத்திலேயே நிற்கும். சிபியு விடுதலை ஆகும். பிரின்ட் முடிந்ததும் 'கில் -கான்ட்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த 'ஸ்டாப்' சிக்னலையும், 9-ஐப் போலவே, எந்த நிரலாலும் தடுக்க முடியாது.

இங்கே எண்ணுக்குப் பதில் பெயரைப் பயன்படுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் 19 என்றால் 'நில்'. ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் அதே 19 என்றால் 'தொடர்ந்து ஓடு'. 1, 2, 9, 15 போன்றவை இரண்டிலும் ஒன்றுதான். மற்றவற்றுக்குப் பெயரே பாதுகாப்பு.

தொலைபேசி காலத்து சிக்னல்

1-ஆம் எண் சிக்னலின் பெயர் 'ஹேங்அப்'. போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் தொலைபேசி லைன் வழியாகத்தான் தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசுவார்கள். லைன் அறுந்தால், அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு இந்த சிக்னல் போகும். துறைமுகக் கூண்டில் தொடர்பு அறுந்ததற்கு 11, இங்கே 1.

மோடம் போய்விட்டது, சிக்னல் போகவில்லை. டெர்மினல் ஜன்னலை மூடினாலோ, தூரத்து சர்வருடனான இணைப்பு நடுவில் அறுந்தாலோ இன்றும் இதுதான் போகிறது. சர்வரில் நீண்ட வேலை ஒன்றை ஓடவிட்டு, இங்கே நெட் போனதும் அந்த வேலையும் நின்றுபோவது இதனால்தான். கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' என்று சேர்த்தால், அந்த நிரல் இந்த சிக்னலைக் காதில் வாங்காது.

லைனோடு சம்பந்தமே இல்லாத பின்னணிச் சேவைகள் 1-க்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டன. 'என்ஜின்எக்ஸ்' என்ற வெப் சர்வருக்கு 1 அனுப்பினால் அது மூடாது. மாற்றி எழுதப்பட்ட அமைப்பு ஃபைலைப் புதிதாகப் படித்துக்கொள்ளும். தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. 'போஸ்ட்கிரெஸ்' டேட்டாபேஸில் 15 என்றால் "புது ஆட்களை உள்ளே விடாதே, இருப்பவர்கள் முடிக்கட்டும்". 2 என்றால் "எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒழுங்காக மூடு". 9-ஐ மட்டும் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. 'கில்' என்பது கொலைக் கருவி அல்ல, தூது சொல்லும் கருவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

9-க்கும் அசையாத ப்ராசஸ் உண்டா?

உண்டு. இரண்டு வகை.

ஒன்று, டாப் திரையில் 'எஸ்' என்ற தலைப்பின் கீழ் 'டி' என்று காட்டும் ப்ராசஸ். இது டிஸ்க் அல்லது பென்டிரைவிடமிருந்து பதிலுக்காகக் காத்திருக்கிறது. காப்பி ஆகும்போதே பென்டிரைவைப் பிடுங்கினாலோ, டிஸ்க் கெட்டுப்போகத் தொடங்கியிருந்தாலோ இப்படி மாட்டிக்கொள்ளும். அந்தக் காத்திருப்பு முடியும்வரை சில சமயம் 9 கூட உள்ளே போகாது. இது அடிக்கடி நடந்தால் டிஸ்க்கைச் சோதிப்பதும், முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுப்பதும்தான் முதல் வேலை.

இரண்டு, 'இசட்' என்று காட்டும் 'ஜாம்பி'. இது ஏற்கெனவே முடிந்துபோன ப்ராசஸ். மெமரியோ சிபியுவோ பிடிப்பதில்லை. இதைத் தொடங்கிவைத்த தாய் ப்ராசஸ் இன்னும் கணக்கை முடிக்காததால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. இறந்ததை மறுபடி கொல்ல முடியாது. தாய் ப்ராசஸ் முடிந்தால் பெயரும் போய்விடும்.

யாருக்கு யார் அனுப்பலாம்?

சாதாரண யூசர் தன் பெயரில் ஓடும் ப்ராசஸ்களுக்கு மட்டுமே சிக்னல் அனுப்ப முடியும். பக்கத்து யூசரின் வேலையைத் தொட்டால் அனுமதி இல்லை என்று பதில் வரும். 'ரூட்' என்ற தலைமை யூசருக்கு இந்தத் தடை கிடையாது. அதனால்தான் முன்னால் 'சுடோ' சேர்த்து கில் கொடுக்கும்போது எண்ணை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

குறிப்பாக, பிஐடி இருக்க வேண்டிய இடத்தில் '-1' என்று வந்துவிட்டால், அனுமதி உள்ள எல்லா ப்ராசஸுக்கும் சிக்னல் போகும். சாதாரண யூசர் என்றால் அவர் திறந்து வைத்த அத்தனையும் மூடும். ரூட் என்றால் மொத்த கம்ப்யூட்டரும் படுத்துவிடும். பெயரை வைத்து அனுப்பும் 'பிகில்', 'கில்ஆல்' கட்டளைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. 'பைத்தான்' என்று பெயர் கொடுத்தால் ஹேங் ஆன நிரல் மட்டுமல்ல, அந்தப் பெயரில் ஓடும் எல்லாமே போகும். லினக்ஸில் பெயர் கேட்கும் 'கில்ஆல்', 'சொலாரிஸ்' என்ற பழைய யூனிக்ஸில் பெயரே கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

கையில் இருக்கும் போனிலும் இதுதான்

"எங்ககிட்ட லினக்ஸே இல்லையே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆண்ட்ராய்டு போன் ஓடுவது லினக்ஸ் கெர்னலில்தான். மெமரி தட்டுப்பாடு வந்தால், பின்னணியில் இருக்கும் ஆப்களை ஆண்ட்ராய்டு வரிசைப்படி முடித்துவைக்கும். அதற்குப் பயன்படுவது அதே 9.

கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்க வேறு ஆப்புக்குப் போய், ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால், படிவம் முதலிலிருந்து காலியாக நிற்கும். அதற்கு இது ஒரு காரணம். குறைந்த ராம் உள்ள போன்களில் இது அதிகம் நடக்கும். படிவம் நிரப்பும் முன் மற்ற ஆப்களை மூடிவிடுவதும், போட்டோ, சான்றிதழ்களை முன்கூட்டியே தயாராக எடுத்து வைப்பதும், 'சேவ் டிராஃப்ட்' இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்துவதும் நல்லது.

விண்டோஸில் கட்டளை வேறு, பாடம் ஒன்றுதான். அங்கே 'டாஸ்க்கில்' என்ற கட்டளை இருக்கிறது. சாதாரணமாகக் கொடுத்தால் ஜன்னலை மூடச் சொல்லிக் கேட்கும். சாய்கோடும் 'எஃப்' எழுத்தும் சேர்த்தால் கேட்காமல் முடிக்கும். முதலில் எஃப் இல்லாமல் முயன்று பார்க்க வேண்டும்.

நினைவில் வைக்க

▪ 2: டெர்மினலில் கன்ட்ரோல்-சி. முன்னால் ஓடும் நிரலை நிறுத்தச் சொல்லும்.

▪ 15: எண் போடாத 'கில்'. கடையைக் கட்டச் சொல்லும். எப்போதும் இதுதான் முதலில்.

▪ 9: கேட்காமல் முடிக்கும். பத்து நொடியாவது காத்திருந்த பிறகு, கடைசியாக.

▪ ஸ்டாப், கான்ட்: கொல்லாமல் நிறுத்தி வைக்கவும், தொடரவும்.

▪ 1: தொடர்பு அறுந்தது, பல சர்வர்களுக்கு, அமைப்பை மறுபடி படி.

அந்த மாணவிக்கு அண்ணன் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "பட்டன்ல கை வைக்காதம்மா. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்து. டாப் அடிச்சு பிரவுசர் நம்பரைப் பாரு. கில் குடுத்துட்டு ஒரு பத்து செகண்டு இரு." பிரவுசர் மட்டும் மூடும். ரிப்போர்ட் திறந்தபடியே இருக்கும். திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கன்ட்ரோல்-எஸ்.